ஆபரேஷன் தழும்புக்குக் கொலாஜன் பவுடர்: குடித்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. தையல் பிரித்தபோது மெல்லிய கோடாக இருந்த இடம் இப்போது சிவந்து, லேசாகத் தடித்திருக்கிறது. கொலாஜன் பவுடர் குடித்தால் தழும்பு மங்கிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். தழும்பே கொலாஜன்தானே, குடித்தால் இன்னும் தடித்துக் கெலாய்டு (வெட்டைத் தாண்டிப் பரவும் தடித்த தழும்பு) ஆகிவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. கொலாஜன் குடித்தால் ஆபரேஷன் தழும்பு மறையும் என்பதற்கு நம்பும்படியான சான்று இல்லை. குடித்தால் கெலாய்டு வரும் என்பதற்கும் சான்று இல்லை. நன்றாகச் சாப்பிடுகிற, வேறு பெரிய நோய் இல்லாத ஒருவருக்குத் தழும்பைப் பொறுத்தவரை அந்தப் பவுடர் அநேகமாக எந்த வித்தியாசமும் செய்யாது. சரியாகச் சாப்பிட முடியாதவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. அதைவிட முக்கியமாக, தைராய்டு ஆபரேஷன் ஆன உங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் தழும்பு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். அது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நம் உடலின் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். அதில் 28 வகைகளை அடையாளம் கண்டிருக்கிறார்கள். தோலுக்குப் பலம் தருவது பெரும்பாலும் முதல் வகை, கூடவே கொஞ்சம் மூன்றாம் வகை. காயம்படாத தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த இழைகள் பாய் முடைந்ததுபோல ஒன்றன் மேலும் கீழுமாகப் பல திசைகளில் ஓடும். எந்தப் பக்கம் இழுத்தாலும் தோல் தாங்குவது அதனால்தான்.

கத்தி பட்ட இடத்தில் உடலுக்கு அழகு முக்கியமில்லை. ரத்தத்தை நிறுத்த வேண்டும், கிருமி நுழையாமல் வழியை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் சில நாள் வீக்கமும் சூடும் இருக்கும். வெள்ளணுக்கள் வந்து செத்த திசுக்களையும் கிருமிகளையும் அப்புறப்படுத்தும். மூன்றாம் நான்காம் நாளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து சேர்ந்து, அவசர அவசரமாகக் கொலாஜன் இழைகளைப் போடத் தொடங்கும். இந்த முதல் வேலையில் மூன்றாம் வகை நிறைய இருக்கும். சுமார் மூன்று வாரத்துக்குப் பிறகு சீரமைப்பு ஆரம்பிக்கும். மூன்றாம் வகையை உடைத்து எடுத்துவிட்டு முதல் வகையை வைப்பது, இழைகளைக் குறுக்கே பிணைப்பது, தேவை முடிந்துபோன ரத்தக் குழாய்களை மூடுவது என்று அது ஒரு வருடம் நடக்கும். சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும்.

மூன்று வாரத்தில் அந்த இடத்தின் பலம் பழைய தோலின் பலத்தில் 20 முதல் 30 சதவீதம்தான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை ஒட்டி வரும். நூறை அது என்றைக்கும் எட்டுவதில்லை. காரணம், புது இழைகள் பழையபடி முடையப்படுவதில்லை. இழுவிசை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் பக்கம் பக்கமாக அடுக்கப்படுகின்றன. வெளியே கோடாகத் தெரிவது அந்த அடுக்குத்தான்.

ஆக, தழும்பு கொலாஜன் குறைவால் வருவதில்லை. தழும்பில் கொலாஜன் தாராளமாகவே இருக்கிறது; தடித்த தழும்பில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. சிக்கல் அளவில் இல்லை, அடுக்கிய விதத்தில். கருப்பையில் இருக்கும் குழந்தைக்குச் சுமார் 24 வாரத்துக்கு முன்னால் தோலில் காயம் ஏற்பட்டால் அது தழும்பே இல்லாமல் ஆறிவிடும். அந்தக் குழந்தைக்கு நம்மைவிட அதிகக் கொலாஜன் கிடைக்கிறது என்பதால் அல்ல. அங்கே வீக்கம் மிகக் குறைவு, செல்களுக்குப் போகும் உத்தரவுகள் வேறு, இழைகள் சுற்றியுள்ள தோலில் இருப்பதுபோலவே படிகின்றன.

பெரியவர்களுக்குத் தழும்பு எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பவையும் இந்த வகைதான்: காயத்தின் மேல் எவ்வளவு இழுவிசை இருக்கிறது, வீக்கம் எத்தனை நாள் நீடித்தது, சீழ் பிடித்ததா, உடலின் எந்த இடம், வெட்டு எந்தத் திசையில் போகிறது, குடும்பத்தில் கெலாய்டு உண்டா. கச்சாப்பொருள் கொஞ்சம் கூடுதலாக வருவதால் இவற்றில் ஒன்றுகூட மாறுவதில்லை.

சரி, குடித்த கொலாஜன் எங்கே போகிறது? கடையில் கிடைக்கும் பவுடர் பெரும்பாலும் மாடு, பன்றி, மீன் இவற்றின் தோல், எலும்பு, செதிலிலிருந்து எடுத்து, நொதிகளால் சின்னத் துண்டுகளாக உடைக்கப்பட்ட பெப்டைடு. வயிற்றுக்குள் போனதும் அது இன்னும் உடைந்து பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களாக ரத்தத்தில் சேரும். எந்தப் புரதம் சாப்பிட்டாலும் நடப்பது இதுதான். உடல் அதைத் தழும்புக்கென்று ஒதுக்கி வைப்பதில்லை. தசை, குடல், ரத்தம், தோல் எல்லாவற்றுக்கும் பொதுக் கையிருப்பாகப் போகிறது.

ஆனால் கதை இதோடு முடிந்துவிடவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கொலாஜன் துண்டுகளில் சில முழுதாக உடையாமலே ரத்தத்தில் சேர்கின்றன. புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஜோடியாக இணைந்த துண்டு அவற்றில் முக்கியமானது. 2005இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஜெலட்டின் பெப்டைடு குடித்தவர்களின் ரத்தத்தில் அதை அளந்து காட்டினார்கள். ஆய்வகத் தட்டில் வளர்த்த எலித்தோல் செல்கள் அந்தத் துண்டு பட்டதும் கூடுதலாகப் பெருகியதையும் பின்னால் கண்டார்கள். எனவே ‘கொலாஜன் குடிப்பதும் வேறு புரதம் சாப்பிடுவதும் துளிகூட வித்தியாசமில்லாதவை’ என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. இந்தத் துண்டுகள் ஏதோ செய்தி சொல்லக்கூடும். தட்டில் வளரும் எலித்தோல் செல்லுக்கும் உங்கள் கழுத்துக் கோட்டுக்கும் இடையே இருக்கிற தூரத்தை மட்டும் மறந்துவிடக் கூடாது.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் மூன்று விதம். விற்பனை விளம்பரங்கள் மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் விதம் ஆறாத புண்கள். 2006இல் அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் படுக்கைப்புண்ணோடு இருந்தவர்களுக்கு எட்டு வாரம் கொலாஜன் புரதக் கரைசல் கொடுத்துப் பார்த்தார்கள். புண்ணின் நிலையைக் காட்டும் மதிப்பெண், கொடுக்காதவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறியது. 2020இல் ஈரானில், உடலில் 20 முதல் 30 சதவீதம் தீக்காயம்பட்ட ஆண்களிடம் ஒரு சின்னச் சோதனை நடந்தது. நான்கு வாரம் கொலாஜன் சேர்ந்த பானம் குடித்தவர்களுக்குக் காயம் சீக்கிரம் மூடியது. இரண்டும் மதிக்க வேண்டிய முடிவுகள். ஆனால் யாரிடம் என்று பாருங்கள். உடல் தேய்ந்த முதியவர்கள், தீக்காயத்தால் புரதம் கரைந்துகொண்டிருந்தவர்கள். பட்டினி கிடக்கும் உடலுக்குப் புரதம் கொடுத்தால் புண் ஆறும் வேகம் கூடுவதில் ஆச்சரியமில்லை. அப்புறம், அங்கே அளந்தது காயம் மூடும் வேகத்தை. தழும்பின் தோற்றம் வேறு அளவு.

தைத்து மூடிய ஆபரேஷன் காயத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். ஓரங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டால் மேல்தோல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூடிக்கொள்ளும். இரண்டே நாளில் மூடிவிட்ட காயத்தை இன்னும் வேகமாக மூட என்ன இருக்கிறது? தீக்காயம் போல மூன்று வாரத்துக்கு மேல் திறந்து கிடக்கும் புண்கள் தடித்த தழும்பாக ஆறும் ஆபத்து அதிகம். அங்கே சீக்கிரம் மூடுவதால் தழும்புக்கும் நன்மை உண்டு. சுத்தமாகத் தைத்து ஆறிய உங்கள் காயத்துக்கு அந்த வாதம் ஒட்டாது.

இரண்டாவது விதம் சுருக்கமும் வறட்சியும். 2014இல் 35 முதல் 55 வயதுவரையான பெண்களுக்கு எட்டு வாரம், நாளுக்கு 2.5 அல்லது 5 கிராம் கொலாஜன் கொடுத்த சோதனை ஒன்று தோலின் நெகிழ்வு கூடியதாகச் சொன்னது. அதிலிருந்துதான் இந்த மோகம் பெரிதானது. 2025இல் இப்படிப்பட்ட 23 சோதனைகளை, மொத்தம் 1474 பேரின் விவரங்களை, ஒன்றாகத் திரட்டி ஆராய்ந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. நிறுவனங்களின் பணம் பெறாத சோதனைகளை மட்டும் தனியே எடுத்தபோது பலன் காணாமல் போனது. தரமான முறையில் நடத்தியவற்றை மட்டும் எடுத்தபோதும் அப்படியே. என் மனதில் மிகவும் தைத்த முடிவு இது. சுருக்கத்துக்கே இந்த நிலைமை என்றால், அதை வைத்துத் தழும்புக்கு வாக்குறுதி கொடுப்பது நியாயமில்லை.

மூன்றாவது விதம், வாயால் குடிக்காமல் காயத்தின் மேல் வைக்கும் கொலாஜன் கட்டுகள். ஆறாத சர்க்கரைநோய்ப் புண், படுக்கைப்புண் இவற்றுக்கு டாக்டர்கள் பயன்படுத்துவது. பெயர் ஒன்றாக இருப்பதால் அதன் பெருமையைப் பவுடர் டப்பா தனதாக்கிக்கொள்கிறது. இரண்டும் வேறு வேறு.

இனி உங்களைப் பயமுறுத்தியவரின் வாதம். கெலாய்டில் கொலாஜன் மிதமிஞ்சி இருப்பது உண்மை. ஆனால் அது மூலப்பொருள் நிறைய வந்ததால் நடப்பதில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு ‘போதும், நிறுத்து’ என்ற செய்தி சரியாகப் போய்ச் சேராததால் நடக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சித் தூண்டிகள், நீடிக்கும் அழற்சி, தோலின் இழுவிசை, பரம்பரை எல்லாம் சேர்ந்த கோளாறு அது. தினமும் இறைச்சியும் முட்டையும் சாப்பிடுபவருக்குக் கொலாஜனுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் நிறையவே கிடைக்கின்றன. அதனால் எல்லாம் கெலாய்டு வருவதில்லை. கறுத்த சருமம் உள்ளவர்களுக்குக் கெலாய்டு வரும் வாய்ப்பு அதிகம். காது மடல், நெஞ்சின் நடுப்பகுதி, தோள், முதுகின் மேல்பகுதி அதற்கு விருப்பமான இடங்கள். ஏற்கனவே கெலாய்டு வந்தவர், அல்லது அப்பா அம்மா, உடன்பிறந்தவர்களுக்கு இருப்பவர் என்றால் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உணவு தழும்பைத் தொடவே தொடாதா என்றால், அப்படியும் இல்லை. குறைபாடு இருந்தால் தொடும், நன்றாகவே தொடும். இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு கண்கூடான சாட்சி உண்டு. 1939இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் அறுவை மருத்துவர் தன் உடலையே சோதனைக்கூடமாக்கினார். வைட்டமின் சி துளியும் இல்லாத உணவை மாதக்கணக்கில் சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்து முதுகில் ஒரு வெட்டுப் போட்டுத் தைத்தார்கள். அது சாதாரணமாக ஆறியது. ஆறு மாதம் கழித்து இன்னொரு வெட்டு. இந்த முறை மேல்தோல் மூடியதுபோல இருந்ததே தவிர, பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே திசுக்கள் ஒட்டவே இல்லை. அப்புறம் வைட்டமின் சி ஏற்றியதும் அதே காயம் சரியாக ஆறியது.

ஏன் அப்படி? கொலாஜனின் மூன்று இழைகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிலையாக நிற்க, அதிலுள்ள புரோலின் ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி வைட்டமின் சி இல்லாமல் ஓடாது. 1740களில் ஆன்சன் என்ற கடற்படைத் தளபதியின் தலைமையில் உலகைச் சுற்றிய ஆங்கிலக் கப்பல்களில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் ஆறிப்போன போர்க்காயம் ஒரு முதிய வீரருக்கு மறுபடியும் பிளந்துகொண்டது. தழும்பு செத்த திசு இல்லை என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். எத்தனை வயதானாலும் அங்கே கொலாஜனை உடைப்பதும் புதிதாக வைப்பதும் நடந்துகொண்டே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வைட்டமின் சி மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். பெண்களுக்கு நாளுக்கு 75 மில்லிகிராம், ஆண்களுக்கு 90 மில்லிகிராம், புகைப்பவர்களுக்கு இன்னும் 35 சேர்த்து. இதுதான் அமெரிக்கப் பரிந்துரை. ஒரு கொய்யாப் பழத்திலேயே இது கிடைத்துவிடும். துத்தநாகமும் அப்படித்தான். குறைவாக இருந்தால் காயம் ஆறத் தாமதமாகும். அதிகமாக நீண்ட நாள் சாப்பிட்டால் உடலில் தாமிரத்தைக் குறைத்துவிடும்.

உண்மையில் பார்க்க வேண்டியது மொத்தப் புரதம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் தேவை என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடை என்றால் 72 முதல் 90 கிராம். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பசி மந்தமாக இருக்கும், கழுத்து ஆபரேஷன் என்றால் விழுங்கவும் சில நாள் சிரமமாக இருக்கும், கஞ்சியும் ரசமுமாக ஒரு வாரம் போய்விடும். அந்த நாட்களில் பலர் இந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. முட்டை, பால், தயிர், பருப்பு, மீன், கோழி, சோயா என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதை வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட்டால் போதும்.

இந்தக் கணக்கில் கொலாஜன் பவுடருக்கு ஒரு குறை இருக்கிறது. அதில் டிரிப்டோஃபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. எனவே அதை மட்டும் நம்பினால் புரதத் தேவை நிறைவேறாது. டப்பாவில் ‘புரதம் 10 கிராம்’ என்று போட்டிருந்தாலும் பால், முட்டையிலிருந்து வரும் 10 கிராமுக்கு அது சமமில்லை. உடல் எடையைக் குறைக்க இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் வயிற்றில் இடமே கொஞ்சம்தான். அதை அரைகுறைப் புரதத்தால் நிரப்பக் கூடாது. பல் இல்லாத, எதையும் மென்று சாப்பிட முடியாத, உடல் வற்றிய பெரியவர் என்றால் மற்ற உணவோடு கொலாஜனையும் கரைத்துக் கொடுப்பதில் தப்பில்லை. படுக்கைப்புண் சோதனைகள் காட்டியதும் அவர்களைத்தான்.

இப்போது உங்களுக்கென்று சொல்வதாகச் சொன்ன விஷயம். வாங்கிய டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். கொலாஜனோடு ‘முடி, நகம், சருமம்’ என்ற பெயரில் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினைச் சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். பல டப்பாக்களில் இருக்கும். நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்கிற இடத்தில் 5,000, 10,000 என்று போட்டிருப்பார்கள். பயோட்டின் விஷமில்லை. ஆனால் பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோன்களை அளக்கப் பயோட்டினையே பிடிமானமாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைந்திருந்தால் கணக்குத் தப்பிப்போகும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பார்க்கிற டாக்டருக்குத் தைராய்டு ஹார்மோன் அதிகமாகிவிட்டது போலத் தோன்றும், மாத்திரையின் அளவைக் குறைத்துவிடுவார். தைராய்டை எடுத்துவிட்ட ஒருவருக்கு அது நேர்எதிரான சிகிச்சை. புற்றுநோய்க்காக ஆபரேஷன் ஆனவர்களுக்கு நோய் திரும்பியதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் பரிசோதனையும் இதே மாதிரி பொய்யாகக் குறைந்து காட்டலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனை பயோட்டினால் தப்பாகக் குறைந்து காட்டி, ஒருவர் இறந்ததாகக் கிடைத்த தகவலோடு 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையே விட்டது. பயோட்டின் சாப்பிடுபவர்கள் தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் சொல்கிறது. சாப்பிட்ட விவரத்தை ரத்தம் எடுக்கும் இடத்திலும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. சில பவுடர்களில் கால்சியமும் இரும்பும் சேர்ந்திருக்கும். அவை தைராக்ஸின் மாத்திரை (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) உடலில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, கால்சியம், இரும்பு சேர்ந்த எதையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான் எடுக்க வேண்டும். காலைக் காபியில் கலந்து மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். தைராய்டு அளவு குறைந்தே இருந்தால் காயம் ஆறுவதும் மந்தமாகும் என்பதால் இது தழும்பு விஷயமும்தான்.

தைராய்டு பிரச்சினை இல்லாத மற்றவர்களுக்கும் ஒன்றிரண்டு வார்த்தை. சிறுநீரகக் கோளாறால் புரதத்தை அளந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆக்ஸலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் கொலாஜனில் உள்ள ஹைட்ராக்ஸிபுரோலினின் ஒரு பகுதி உடலில் ஆக்ஸலேட்டாக மாறி சிறுநீரில் வெளியேறுகிறது. மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் மீன் கொலாஜனைத் தவிர்க்க வேண்டும். எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்பது சிலருக்கு நம்பிக்கை சார்ந்த விஷயம், அதையும் லேபிளில் பார்த்துக்கொள்ளலாம். சைவக் கொலாஜன் என்று விற்பதில் பெரும்பாலும் கொலாஜனே இருக்காது. தாவரங்கள் கொலாஜனை உருவாக்குவதில்லை. அமினோ அமிலங்களும் வைட்டமின் சியும் கலந்து அந்தப் பெயர் வைத்திருப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுப்பவர்கள் மயக்க மருந்து டாக்டரிடம் எல்லாச் சத்துப் பொடிகளின் பெயரையும் சொல்ல வேண்டும். கொலாஜனுக்காக இல்லை, அதோடு கலந்திருக்கும் மூலிகைகளுக்காக. சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு, பயோட்டின் இல்லாத சாதாரணக் கொலாஜன் ஒன்றை நாளுக்கு ஐந்து பத்து கிராம் எடுக்கத்தான் ஆசை என்றால் எடுங்கள், பெரிய கெடுதல் இல்லை. தழும்பு அதனால் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதைக் குடிக்கிறோமே என்ற நிம்மதியில் கீழே சொல்வதை விட்டுவிடவும் கூடாது.

தழும்பை மாற்றக்கூடியது இழுவிசையைக் குறைப்பது. 2005இல் ஆஸ்திரேலியாவில் சிசேரியன் ஆன பெண்களில் ஒரு பகுதியினரைத் தழும்பின் மேல் சாதாரணக் காகித டேப்பை 12 வாரம் ஒட்டிவரச் சொன்னார்கள். ஒட்டாதவர்களைவிட அவர்களுக்குத் தடித்த தழும்பு கணிசமாகக் குறைந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்தான், அதில் மருந்து எதுவும் இல்லை. தோல் இழுபடாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. ஒட்டும்போது தோலை இழுத்து விறைப்பாக்கி ஒட்டாமல், இரண்டு பக்கமும் மெல்லச் சேர்த்துப் பிடித்து, தழும்பின் நீளவாக்கில் ஒட்டுங்கள். தானாக உரியும்வரை சில நாள் விட்டுவிட்டு மாற்றினால் போதும். தினமும் பிய்த்தால் மேல்தோல் புண்ணாகும்.

அடுத்தது சிலிக்கோன். 2002இல் வெளியான சர்வதேசப் பரிந்துரையிலிருந்து இதுதான் தழும்புக்கு முதல் வரிசைச் சிகிச்சை. சான்றுகள் எல்லாம் உயர்ந்த தரம் என்று சொல்ல முடியாது, பலனும் மிதமானதுதான். ஆனாலும் வேறு எந்தப் பூச்சைவிடவும் இதற்கு அடித்தளம் கெட்டி. தழும்பின் மேல் ஈரம் தங்க வைத்து, செல்களின் அவசரத்தைத் தணிக்கிறது என்பதே பொதுவான விளக்கம். கழுத்துக்குச் சிலிக்கோன் தகடு சரிப்படாது, திரும்பும்போதெல்லாம் ஓரம் கிளம்பிவிடும். ஜெல் வசதி. கழுவி ஈரம் துடைத்த தோலில், அரிசிமணி அளவு எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிட்டு அப்புறம் சட்டை போடுங்கள். பிசுபிசுவென்று இருந்தால் அதிகமாகத் தடவிவிட்டீர்கள் என்று அர்த்தம். காலை இரவு இரண்டு வேளை, குறைந்தது இரண்டு மூன்று மாதம். காயம் எங்காவது திறந்திருந்தால், கசிந்தால் போடக் கூடாது.

வெயில் படுகிற இடம் கழுத்து. புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு இன்னும் எளிதில் கறுக்கும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அல்லது ஒரு பருத்தித் துணி. புகைபிடிக்கிறவர் என்றால் நிறுத்திவிடுங்கள், நிகோட்டின் தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். டாக்டர் சம்மதித்தால் விரல் நுனியால் தழும்பை லேசாக அழுத்தி வட்டமாகத் தேய்த்துவிடலாம், இறுக்கம் தளரும்.

வைட்டமின் இ மாத்திரையைக் குத்திப் பிழிந்து தடவுகிற பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1999இல் தோல் ஆபரேஷன் ஆன 15 பேரிடம் செய்த சோதனையில் அது தழும்புக்கு உதவவில்லை, மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. சின்னச் சோதனைதான், ஆனால் ஆறுகிற தோலில் அரிப்பையும் அழற்சியையும் வரவழைத்துக்கொள்வது தழும்பைத் தடிக்கவே வைக்கும்.

உங்கள் ஐந்து வாரத் தழும்புக்கு வருவோம். நீங்கள் சொல்கிற சிவப்பும் லேசான தடிப்பும் இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு வருவது. உள்ளே செல்கள் வேகமாக இயங்கும் காலம் இது. தையல் பிரித்த அன்று அழகாக இருந்த கோடு ஒன்றிரண்டு மாதத்தில் மோசமாகத் தெரிவதும், ஆறாம் மாதத்துக்கு மேல் வெளிறித் தட்டையாவதும் வழக்கமான பாதை. கழுத்தின் குறுக்கு மடிப்போடு சேர்த்து வெட்டியிருந்தால் இழுவிசையும் குறைவு, அது உங்களுக்குச் சாதகம். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடியில் பார்ப்பதில் எதுவும் தெரியாது, கவலைதான் கூடும்.

தடிப்பு வெட்டின் எல்லைக்குள்ளேயே இருந்தால் அது பெரும்பாலும் நாளடைவில் தணியக்கூடிய தடித்த தழும்பு. வெட்டுக் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்குள் பரவினால் கெலாய்டாக இருக்கலாம். அது தானாகத் தணிவது அரிது, மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். அரிப்பு, சுருக்கென்ற வலி, வாரத்துக்கு வாரம் உயர்வது இவற்றில் எது இருந்தாலும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல் தோல் டாக்டரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே சில வார இடைவெளியில் போடுவார்கள். ஆரம்பத்தில் போட்டால் நன்றாகக் கேட்கும். சிவப்புக்கு லேசர் இருக்கிறது. கெலாய்டை வெறுமனே வெட்டி எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். வேறு சிகிச்சை சேர்க்காமல் வெட்டினால் பாதிக்குப் பாதி, சில கணக்குகளில் அதற்கும் மேலே, திரும்ப வந்துவிடும், பல நேரம் முன்னைவிடப் பெரிதாக. சீழ், காய்ச்சல், திடீர் வீக்கம், காயம் வாய் பிளப்பது இதெல்லாம் தழும்பு விஷயமே இல்லை. அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும்.